கடப்பாரை படாத நாலு அடி

எண்ணூர் போகும் கடலோர ரோட்டில் பாதி நான் போட்டது. திருவொற்றியூரில் மூன்று தரைப்பாலம் கட்டினேன், கல்மண்டபம் பக்கம் மழைநீர்க் கால்வாய் தோண்டினேன், எனக்கென்று மாடி வீடும் எழுப்பினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஓவர்சியர் நாடா பிடித்து அளப்பதை நான் கண்ணாலேயே அளப்பேன். சந்தேகம் இருந்தால் வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசலாம்.

நேற்று, மழையில் விழுந்த குழிகளை அடைக்க எங்கள் தெருவில் தார் காய்ச்சினார்கள். வாசனை மாடிக்கு ஏறியது. எனக்கு அது பிடிக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கோ உள்ளங்கால் சில்லிட்டுப் போனது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகைப் புயல். மூன்றாம் நாள் காற்று ஓய்ந்தது, கடல் ஓயவில்லை. ரோட்டுக்கு அடியில் மணலை அரித்துக்கொண்டே இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மீனவர் தெரு. ரோடு போனால் தெருவும் போகும். பல்லாவரத்திலிருந்து லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கரையில் தள்ளினோம்.

அதற்கு ஒரு முறை உண்டு. கல்லைக் கொட்ட லாரி பின்பக்கமாக வருமுன் ஒருவன் கடப்பாரையால் ரோட்டைக் குத்திக்கொண்டே விளிம்புவரை போக வேண்டும். டங் என்றால் அடியில் மண் இருக்கிறது. தொப் என்றால் மண்ணைக் கடல் தின்றாயிற்று, தார் மட்டும் அப்பளம் மாதிரி நிற்கிறது. அப்புறம் லாரிப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் வா. ஒரு தட்டு என்றால் நில். அலைச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது.

அன்று குத்தியவன் நான். விளிம்புக்கு நாலு அடி இருக்கும்போது ஒரு அலை என் தலைக்கு மேல் எழுந்தது. அதற்கப்புறம் கால் நகரவில்லை. புலி மாதிரி திரிந்தவன், திரும்பி வந்துவிட்டேன்.

டிரைவர் அந்தோணி ராயபுரத்துக்காரன், என் தோஸ்து. ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா மாமு, மூஞ்சி வெளுத்துக்கீது? கடசி வரிக்கும் குத்துனியா?"

"குத்தியாச்சு. நீ வண்டிய எடுடா, பேமானி."

இரண்டு தட்டு தட்டினேன்.

அந்த நாலு அடியில் பின்சக்கரம் ஏறியதும் ரோடு வாயைத் திறந்தது. ஒரு தட்டு தட்ட எனக்குக் கை எழவில்லை. லாரி பின்பக்கமாக உட்கார்ந்தது. வெளியே குதித்த அந்தோணியின் காலில் கல் உருண்டது. "யம்மா" என்ற குரல் அலையைத் தாண்டிக் கேட்டது. இறங்கி இழுத்துவந்தேன். அப்போது மட்டும் பயம் எங்கே போனதோ தெரியாது.

சரிந்த கல்லே பள்ளத்தை அடைத்துவிட்டது. தெரு பிழைத்தது. ஆளைக் காப்பாற்றினேன் என்று என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். தட்டு விழுமுன்பே வண்டியை எடுத்தான் என்று அந்தோணியின் மேல் குற்றம் எழுதினார் ஓவர்சியர். கால் நேராகவில்லை, டிரைவர் வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவனிடம், "நெசத்த சொல்லிடறேன்டா" என்றேன்.

"சும்மா கெட மாமு. உன்கிட்ட கீறதே வாய் ஒண்ணுதான். அதயும் புடுங்கிட்டா இன்னாத்த வெச்சிப் பொழப்பே?"

சிரித்தான். நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

பின்னால் வந்த புயல்களில் அந்த ரோடு போனது, மீனவர் தெருவும் போனது. அந்தோணியும் போய்விட்டான். நான் கட்டியது எதிலும் என் பெயர் இல்லை என்று யார் யாரிடமோ சண்டை போட்டிருக்கிறேன். அதெல்லாம் கிடக்கட்டும். ஓவர்சியர் எழுதிய காகிதம் எந்த ஆபீஸ் மூலையிலாவது கிடந்தால், அந்தோணி பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். தட்டியது நான்.