குலுக்கிப் பார்க்காத டப்பா

பால்மாவு டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கினால், மாவு நன்றாயிருந்தால் மணல் சரிவதுபோல் ஓர் ஓசை கேட்கும். கட்டிப்போயிருந்தால் உள்ளே கல் முட்டும். அந்த ஓசை எனக்குப் பழகிய காலத்தில் நாங்கள் திருப்பரங்குன்றத்தில், பல குடித்தனங்கள் சேர்ந்திருந்த ஒரு "வளவில்" இருந்தோம். பால்மாவுக்கு அப்போது பெரும் தட்டுப்பாடு. வந்த அன்றைக்கே தீர்ந்துவிடும், ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள்.

என் தம்பி, அம்மாவுக்குப் பால் சுரக்காமல், பசும்பாலும் சேராமல், கடையில் மாவும் கிடைக்காமல் வற்றிப்போய் இறந்தவன். அதனால் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்ததுமே அம்மா மாவு சேர்க்கத் தொடங்கினாள். "வரிசையில நிக்க ஆளு வேணும்டி, பள்ளிக்கூடம் எங்க ஓடிரப் போகுது" என்று ஏழாம் வகுப்பில் என்னை நிறுத்தினாள்; அப்புறம் நான் போகவேயில்லை. திருநகர், பழங்காநத்தம் என்று கடை கடையாய் நின்றேன். "ஏத்தா, நேத்துத்தேன வாங்குன? பிள்ளை ஒங்கக்காளுக்கா, இல்ல ஊருக்கேவா?" என்று கடைக்காரர் கேட்க, வரிசையே சிரிக்கும். வாங்கிவந்த டப்பாக்கள் ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் போய்விடும். சாவி அம்மாவின் முந்தியில்.

எதிர்வீட்டு ஜெயாக்காவுக்குக் கைக்குழந்தை. காய்ச்சலில் விழுந்து பால் வற்றிவிட, ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அத்தே, ஒரே ஒரு டப்பா இருந்தாக் குடுங்க. கெடச்சதும் திருப்பித் தந்திருறேன்."

"எங்கிட்ட ஏது தாயி? நானே தேடிக்கிட்டுல்ல இருக்கேன்."

சொல்லும்போதே அம்மாவின் கை முந்தியை இறுக்கிப் பிடித்தது. பொய் சொல்கிற முகமாக இல்லை அது, பயந்த முகம்.

பசும்பாலும் கஞ்சித் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் கண்டு அந்தக் குழந்தை போய்விட்டது. மாவு தேடித் திருமங்கலம்வரை சைக்கிள் மிதித்த அதன் அப்பா, ஒரு டப்பாவோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. சில நாள் கழித்து ஜெயாக்கா அந்த டப்பாவைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார்.

"ஒங்க மகளுக்கு ஆகும் அத்தே. நீங்களுந்தேன் எம்புட்டு அலையிறீங்க."

அவர் போனதும் அம்மா அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அக்காவுக்கோ பிள்ளை பிறந்ததும் மார் கட்டிக்கொள்ளும் அளவுக்குப் பால் சுரந்தது. அப்போதும், இன்னும் தேவைப்படுமோ என்று அம்மா பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தாள். பிள்ளை நடக்கத் தொடங்கியபின் ஒவ்வொன்றாய் எடுத்துக் குலுக்கினாள். மழைக்கால ஓதத்தில் டப்பாக்கள் துருவேறி, உள்ளே மாவெல்லாம் கல். குப்பையில் கொட்டினாள். ஜெயாக்கா தந்ததை மட்டும் குலுக்காமல், சேலைகளுக்கு அடியிலேயே திரும்ப வைத்துப் பூட்டினாள்.

அந்த வளவு இன்று இல்லை, வரிசையும் இல்லை. கடைகளில் பால்மாவு அடுக்கடுக்காய்க் கேட்பாரின்றிக் கிடக்கிறது. ஆனாலும் ஒரு சோப்பு வாங்கப் போனால், நாளைக்குக் கிடைக்காதோ என்ற பயத்தில் நாலாக வாங்கிவருகிறேன். "கடை வைக்கப் போறீங்களா அத்தே?" என்று மருமகள் சிரிக்கிறாள். யாராவது வாசலில் வந்து ஏதாவது கேட்டாலோ, அந்தப் பயம் வேறு மாதிரி வந்துவிடும்; இருப்பதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பிறகு பெட்டி எனக்கு வந்தது. டப்பா இன்னும் அடியில்தான் இருக்கிறது. வீட்டைக் கூட்டிப் பெருக்கும்போது அந்தப் பெட்டியை நான் இழுப்பதில்லை. உள்ளே ஓசை வந்துவிடாதபடி, மெல்லத் தூக்கித்தான் வைக்கிறேன்.