வனஜாவின் நன்னடத்தை

எங்கள் ரத்னம்மா கார்டன் சந்தில் குற்றவாளி என்று கோர்ட் தீர்ப்பெழுதிய ஒரே ஆள் வனஜாதான். பார்த்தால் நம்பமாட்டீர்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுக் களைத்து வருவாள். என் ஸ்கூட்டி அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால்கூட, "கொஞ்சம் நகத்துறீங்களாக்கா?" என்று கெஞ்சுவாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். போன தேர்தலில் எங்கள் எம்.எல்.ஏ. திவாகர் ஊர்வலம் போனார். அவருக்கு முதல் ஆரத்தி வனஜாதான் எடுக்கவேண்டும். அவள் கைராசியில்தான் ஜெயிக்கிறோம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அனுமதியில்லாமல் ரோட்டை மறித்ததாகப் போலீஸ் வனஜாவையும் சேர்த்து நாற்பது பேர்மேல் கேஸ் போட்டது. திவாகர் பெயர் மட்டும் எப்படியோ அதில் இல்லை. கட்சி வக்கீல் வந்தார். "ஒத்துக்கிட்டா அரை நாள்ல முடிஞ்சுடும்மா. இல்லன்னா மாசாமாசம் கோர்ட்டுக்கு அலையணும்" என்றார். மாசாமாசம் லீவு போட்டால் எந்த வீட்டில் வேலை மிஞ்சும்? வனஜா தலையாட்டினாள். கட்சியே அபராதம் கட்டியது. மத்தியானம் அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

திவாகரும் சும்மா இருக்கவில்லை. ஏரி நிலத்துக்குப் போலிப் பத்திரம் போட்டதற்கு ஒன்றரை வருஷம், அதிகாரியை அறைந்ததற்கு ஒரு வருஷம் என்று இரண்டு தண்டனை வாங்கினார். ஆனால் அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பீல், ஜாமீன், வெளியே வந்ததும் ஆப்பிள் மாலை. இந்த மாதிரி ஒரே கேஸில் இரண்டு வருஷம் கிடைத்தால்தான் தேர்தலில் நிற்க முடியாதாம். அளந்து தப்பு செய்யத் தெரிந்த மனிதர். இந்தத் தடவையும் நிற்கிறார்.

இதற்கிடையில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா வேலை காலியானது. சேர்ந்தால் மகள் சிந்துவுக்கு அங்கேயே ஆறாம் வகுப்பில் இடம், ஃபீஸ் கிடையாது. சிந்து யூனிஃபார்ம் என்ன நிறம் என்றுகூட விசாரித்து வைத்துவிட்டாள். போலீஸ் சரிபார்ப்பில் பழைய கேஸ் தலை நீட்டியது. தலைமை ஆசிரியை அன்னா நல்ல மாதிரிதான். "எம்.எல்.ஏ. கிட்ட நன்னடத்தை லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா. திங்கட்கிழமை வரைக்கும் பாக்கிறேன்" என்றார். வனஜாவின் நடத்தைக்குத் திவாகர் சான்று கொடுக்க வேண்டுமாம்! இருந்தாலும் ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

அவருடைய ஆபீஸில் பி.ஏ. மஞ்சுநாத் இட்லி தின்றுகொண்டிருந்தான். தட்டுக்கு அடியில் அன்றைய பேப்பர். வேட்பாளர்கள் தங்கள் தண்டனைகளைத் தாங்களே விளம்பரமாகப் போட வேண்டுமென்று சட்டம் இருக்கிறதே, அந்தப் பக்கம்தான். திவாகரின் ஏரிமேல் சாம்பார் வழிந்திருந்தது.

"எலெக்‌ஷன் டைம்மா. தண்டனை ஆன ஆளுக்கு அண்ணா சைன் போட்டா எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடுவானா? அண்ணா பேரு கெட்டுப்போகும். ரிசல்ட் வரட்டும், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடும்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றான்.

"அண்ணா ஊர்வலத்துல விழுந்த கேஸுதானே சார் அது?"

"அதான் ஃபைன் கட்டினோமே!"

திங்கட்கிழமை போனது. வேலை வேறு யாருக்கோ போனது. சிந்து தன் பழைய பள்ளிக்கூட யூனிஃபார்மையே துவைத்துக் காயப்போட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை தமட்டை மேளச் சத்தத்தோடு திவாகர் எங்கள் சந்துக்குள் வந்தார். மற்ற பெண்கள் தட்டோடு காத்திருந்தார்கள். அவர் நேராக வனஜா வாசலில் வந்து நின்று, கும்பிட்டு, நெற்றியைக் காட்டினார். அவள் வெறுங்கையோடு நின்றாள்.

"தட்டு எங்கம்மா?" என்றான் மஞ்சுநாத்.

"தண்டனை ஆனவ சார் நான். ஆரத்தி எடுத்தா அண்ணா பேரு கெட்டுப்போகும். நீங்கதானே சொன்னீங்க?"

தமட்டை நின்றுவிட்டது. மஞ்சுநாத் காதைக் கடித்ததும் திவாகருக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பு மாறாமல், "லெட்டர்தானே? இப்பவே சைன் போட்டுத் தரேன். பேனா குடுப்பா. நீ தட்டு எடுத்துட்டு வாம்மா" என்றார்.

கெஞ்சிக் கெஞ்சியே பேசும் வனஜா அன்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"திங்கட்கிழமையே போயிடுச்சு சார்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.