அக்காவின் கால்விரல்

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய முகம் அல்ல, ஓட்டை விழுந்த ஒரு சாம்பல் நிறச் சொக்ஸ். அந்த ஓட்டைக்குள்ளால் மெட்டி போட்ட விரல் எட்டிப் பார்க்கும். வெள்ளி மெட்டி உரசி உரசி எந்தச் சொக்ஸையும் தின்றுவிடும். புதிது வாங்கித் தந்தாலும் அதே இடத்தில் அதே ஓட்டை. போதாததற்கு அந்த விரல் ஒருநாளும் சும்மா இருக்காது. கதிரையில் இருந்தால் ஆடும், தொலைபேசியில் கதைத்தால் ஆடும், அத்தானுடன் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போது இன்னும் வேகமாக ஆடும். காலை ஆட்டினால் வீட்டுக்குக் கூடாது என்று ஊரில் அம்மா அடித்துத் திருத்தப் பார்த்த பழக்கம் லண்டனுக்கும் விமானம் ஏறி வந்திருந்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனின் மோர்டன் பகுதியில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில் நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். இரவில் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை, பகலில் தூக்கம் என்று பெயர். அக்கா விடியும் முன் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போய், வந்து, சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பார்ப்பாள். அவள் வீட்டுக்குள் நடந்து நான் கண்டதில்லை, ஓட்டந்தான். என் அகதி வழக்கு ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தது. அத்தானின் வேலை எப்போது போகும் என்று தெரியாது. அந்த வீட்டில் எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தோம், ஆனால் காத்திருக்க ஒருவருக்கும் தெரியாது.

மூத்தவனுக்கு நாலு வயது. ஒரு சொல் கதைக்க மாட்டான். விளையாட்டுக் காரைக் கவிழ்த்து வைத்து அதன் சில்லைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம்" என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னதை நம்பி இரண்டு வருடம் போய்விட்டது. பிறகு பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிய ஓரிடத்தில், வீட்டில் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கள் என்றார்கள். இங்கிலிஷ் ஓடாத அக்கா பிள்ளையுடன் கதைப்பதையே குறைத்துக்கொண்டாள். கடைசியில் ஆட்டிசம் என்று டொக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை. மடியில் இருந்த சின்னவளைக் காட்டி, தங்கச்சிக்கும் வருமோ என்று மட்டும் கேட்டாள். வரலாம், வராமலும் விடலாம், கூடப் பிறந்தவர்களுக்குச் சாத்தியம் கொஞ்சம் கூடுதல் என்றார் அவர். சின்னவள் அப்போதுதான் எழுந்து உட்காரப் பழகியிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு பரீட்சை மண்டபமாகிவிட்டது. போகும்போதும் வரும்போதும் எல்லோரும் அந்தக் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டு, திரும்புகிறாளா என்று பார்ப்போம். அக்கா குசினிக்குள் சமைத்தபடியே கூப்பிடுவாள். அத்தான் சப்பாத்தைக் கழற்றாமலே கூப்பிடுவார். நான் கதவுத் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு கூப்பிடுவேன். அவளோ ஜன்னல் திரையின் மடிப்பைப் பார்த்தபடி இருப்பாள். ஒருமுறை திரும்பினால் வீட்டில் திருவிழா, அடுத்தமுறை திரும்பாவிட்டால் செத்த வீடு. நான் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு மறுபடி கூப்பிடப் போவேன். அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூத்தவனுக்குப் பேச்சுப் பழக்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்மணி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார். அத்தான் வேலைக்குப் போய்விடுவதால் மொழிபெயர்ப்பு என் தலையில்தான். இவளுக்கும் ஆட்டிசம் இருக்கிறதா என்று இந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது, அதற்காக அது தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம் என்றார் அவர். வாரத்தில் ஒரு மணித்தியாலம்தான் நான், மிச்ச நேரமெல்லாம் நீங்கள்தானே என்றார். அவளை உங்கள் பக்கம் திருப்பப் பார்க்காதீர்கள், அவள் பார்க்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். அவள் ஒரு சத்தம் போட்டால் அதே சத்தத்தை நீங்களும் போடுங்கள். பிறகு பேசாமல் இருந்து, அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். எந்த மொழியில் கதைக்கிறது என்று அக்கா என்னைக் கேட்கச் சொன்னாள். பிள்ளையை நித்திரையாக்கும்போது உங்களுக்கு எந்த மொழி வருகிறதோ அதில் என்றார் அந்தப் பெண்மணி. அதை மொழிபெயர்த்தபோது அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு வரவில்லை. கம்பளத்தில் குழந்தைக்குப் பக்கத்தில் படுப்பாள். அடுப்பில் பருப்புப் பொங்கும் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவாள். குழந்தை கிலுக்கைப் பார்த்த உடனேயே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதானே நம்மவர்களுக்கு வளர்ப்பு. ஒருநாள் பெண்மணி போனதும் என்மேல் பாய்ந்தாள்.

"சும்மா இருக்கட்டாம். சும்மா இருந்துதானேடா மூத்தவனுக்கு ரெண்டு வருசம் போனது. இனியும் என்னால ஏலாது."

"அது வேற, இது வேற அக்கா. இது பாத்துக்கொண்டு இருக்கிறது" என்றேன். எனக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அத்தானின் தமக்கை லண்டனின் மறுபக்கத்தில் உள்ள குட்மேய்ஸில் இருந்து வந்தா. எனக்கும் அக்காவுக்கும் மச்சாள் முறை, மனம் நல்ல மனம். வந்ததும் வராததுமாகக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய், சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தா. குழந்தை வீறிட்டு அழுதது. "பாத்தியே, காது கேக்குது" என்றா வெற்றியோடு. அக்கா தட்டை வாங்கி மேசையில் வைத்தாள்.

"மச்சாள், இனி ஒருத்தரும் என்ரை பிள்ளையைச் சோதிக்க வேண்டாம். தேவையில்லாமல் பேரையும் கூப்பிட வேண்டாம்."

மச்சாள் தேத்தண்ணீர் குடிக்காமலே போனா. அத்தானின் முகம் இரண்டு நாட்களாக உம்மென்று இருந்தது. ஆனால் வீடு அடங்கியது. தன் பெயரைக் கூவி ஏலம் போடும் சத்தம் நின்றது அந்தக் குழந்தைக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த முறை பெண்மணி வந்த மத்தியானம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்கா கம்பளத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள். வாயை மூடி, கையை அடக்கி, உடம்பு முழுவதையும் கட்டிப் போட்டதுபோல் கிடந்தாள். விரலை மட்டும் அவளால் கட்ட முடியவில்லை. சொக்ஸ் ஓட்டைக்குள்ளால் மெட்டி மினுங்கி மினுங்கி ஆடியது. காலடியில் இருந்த சின்னவள் திரையை விட்டுவிட்டு அதைப் பார்க்கத் தொடங்கினாள். "அம்மாவைப் பார்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பெண்மணி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, விரலை நிறுத்தச் சொல் என்று காதுக்குள் சொன்னார்.

"அக்கா, விரலை ஆட்டாதை."

அம்மாவின் அடிக்கு நிற்காத விரல் நின்றது. குழந்தை பார்த்தது. ஒரு விரலால் மெட்டியைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டது. பிறகு அதன் கண் மெதுவாகக் காலில் ஏறி, ஹவுஸ்கோட்டின் பூக்களில் ஏறி, அக்காவின் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றது. அக்கா மூச்சுவிட்டாளோ தெரியாது. விரலை ஆட்டினாள். குழந்தை சிரித்தது. அக்கா நிறுத்தினாள். குழந்தை மறுபடி அவள் முகத்தைப் பார்த்தது. அப்படியே எத்தனை முறை நடந்ததோ, அக்காவின் கண்ணீர் கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது, விரல் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பள்ளிக்கூடம் போகும் வயதில் சின்னவளுக்கும் ஆட்டிசம் என்றுதான் சொன்னார்கள். கோபம் ஆறி வந்த மச்சாள், "அப்ப நிலத்தில கிடந்ததெல்லாம் வீணே?" என்று கேட்டா. "ஏன் வீண் மச்சாள்? என்ன வேணுமெண்டு அவள் என்னைப் பாத்துக் கேக்கிறாள். எனக்கு அது விளங்குது" என்றாள் அக்கா. அதற்குள் அவள் மூத்தவனோடும் நிலத்தில் படுக்கத் தொடங்கியிருந்தாள், அவன் சுழற்றும் சில்லுக்குப் பக்கத்தில் தானும் ஒரு சில்லைச் சுழற்றிக்கொண்டு. அவன் இன்றுவரை கதைக்கவில்லை. ஆனால் ஒருநாள் தன் காரைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

போன ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போனேன். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, காலை ஸ்டூலில் நீட்டியபடி இருந்தாள். சொக்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் மெட்டியைக் கழற்றிவிட்டார்கள், விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும். வலியில் விரல் ஆடாமல் கிடந்தது. எனக்கு அந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை, எழும்பி எழும்பி நடந்தேன்.

சின்னவள் நூலக வேலை முடிந்து வந்தாள். முப்பது வயது தாண்டிய பெண். என்னைக் கவனிக்காமல் நேரே வந்து கம்பளத்தில் உட்கார்ந்து, அந்த வெறும் விரலைப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். வலிக்கும், விடு பிள்ளை என்று என் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"பொறடி, ஆட்டுறன்" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.