அன்புக்கரசி போட்ட கீறல்

வீட்டு மின்பெட்டிக்குள் வெள்ளையாக இருக்கிறதே பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதைச் செய்கிற பட்டறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள் அன்புக்கரசி. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் உள்ள சின்னப் பட்டறை. மண்ணை அச்சில் அழுத்துவது, பிசிறு சீவுவது, பலகை பலகையாகச் சுமப்பது எல்லாம் பெண்கள். சூளைக்குள் அடுக்குவது மட்டும் ஆண்கள். அதற்குச் சம்பளமும் கூட, மரியாதையும் கூட. பெண்கள் ஏன் அடுக்கக் கூடாது என்று கேட்டால், "சூளைக்கு ஆவாது" என்பார்கள். அதற்கு மேல் காரணம் கேட்டவர்களும் கிடையாது, சொன்னவர்களும் கிடையாது.

போன தை மாதம் அடுக்குகிற ஆள் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளி தங்கராசு வேறு வழியில்லாமல் அன்புக்கரசியை அந்த இடத்தில் போட்டார். அவள் அடுக்கிய முதல் சூளையைத் திறந்தபோது ஐந்தில் ஒரு கட்டை விரிசல். அடுத்த சூளையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

மேஸ்திரி மாணிக்கவேல் முப்பது வருடம் நெருப்போடு பழகியவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தான் நம்புவதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருநாளும் தோன்றாதவர்.

"நான் அப்பவே சொன்னன் மொதலாளி. பொம்பள கை பட்டா சூளை கோவிச்சிக்கும்."

"கோவிச்சிக்க அது என்னா எங்க மாமனாரா?" என்றாள் அன்புக்கரசி.

தங்கராசு சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு சூளை பாக்கறன். அதுவும் வெடிச்சா நீ பழையபடி பிசிறு சீவப் போயிடும்மா. அப்புறம் எந்தப் பொம்பளையும் சூளைப் பக்கம் வர வேணாம்."

பக்கத்தில் நின்ற சொர்ணாம்பாள் அவளைத் தனியே இழுத்துப்போனாள். "ஏ புள்ள, கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது கட்டிடு. சாமி பாத்துக்கும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கோர்ட்டுக்கு மனு எழுதுவதுபோலப் பேர், ஊர், யார் மேல் குறை, என்ன குறை என்று எழுதி, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். அன்புக்கரசியும் அன்று சாயங்காலம் வீட்டில் காகிதத்தோடு உட்கார்ந்தாள். பேர் எழுதினாள், ஊர் எழுதினாள். 'யார் மேல் குறை' என்ற இடத்தில் மாணிக்கவேல் என்று எழுதி, உடனே அடித்தாள். வீண்பழி சொன்னது அவர்தான். ஆனால் கட்டையை உடைத்தது அவரில்லையே. பின்னே யார்?

சின்ன வயதில் அவள் பார்த்த படங்களில் இதற்கு விடை சுலபம். பழி சுமந்த பெண் அம்மன் முன்னால் விழுந்து அழுவாள், கோயில் மணி தானாக அடிக்கும், பழி சொன்னவன் கண் அவிந்துபோகும். அதைப் பார்த்து அவளும் அழுதிருக்கிறாள். அழுதால் நியாயம் வரும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் படங்கள் மேல் யார் பிராது கட்டுவது?

நல்லவேளை, அவள் படம் மட்டும் பார்த்தவள் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் மாதம் ஒரு துப்பறியும் நாவல் வாங்குவாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் சத்தமாக வாசிக்க, எழுத்தறியாத சொர்ணாம்பாள் வாயில் சோற்றோடு கேட்டு, இரண்டாம் அத்தியாயத்திலேயே, "புருசன்தான் கொன்னுருப்பான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவாள். போன மாத நாவலிலும் ஊரே புருஷனைத்தான் கைகாட்டியது. இன்ஸ்பெக்டர் மட்டும் வேறு ஒன்று கேட்டார்: சாவுக்கு முந்தின வாரம் இந்த வீட்டில் என்ன மாறியது?

பேனாவை மூடிவைத்து யோசித்தாள். பட்டறையில் தை மாதம் என்ன மாறியது? அவள் சூளைக்கு வந்தாள். அப்புறம்? ஆளுயர ஃபேன் ஒன்று வந்தது. பனியில் கட்டை காயத் தாமதமாகிறது என்று தங்கராசு வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஈரக் கட்டைகள் காயும் மூன்று அடுக்குப் பலகைகளில் முதல் அடுக்குக்கு எதிரில் நிறுத்தியிருந்தார்.

மறுநாள் சொர்ணாம்பாளிடம் மட்டும் சொன்னாள். ஈரக் கட்டைகளின் அடியில் இருவரும் ஊசியால் கீறினார்கள். ஃபேனுக்கு எதிர் அடுக்கில் காய்பவற்றுக்கு ஒரு கீறல், நடு அடுக்குக்கு இரண்டு, சுவரோரத்துக்கு மூன்று. சூளை நெருப்பு மைக்கோட்டை அழித்துவிடும், கீறலை அழிக்காது.

அப்புறம் மாணிக்கவேலிடம் போனாள். "மேஸ்திரி, இந்தத் தடவ வலப்பக்கம் நீங்க அடுக்குங்க. எடப்பக்கம் நான்."

"தாராளமா. என் கை பட்டது ஒண்ணுகூட வெடிக்காது, பாரு."

மூன்று அடுக்குக் கட்டைகளும் இரண்டு பக்கமும் கலந்தே போயின. சூளை ஆறித் திறந்த அன்று அவள்தான் முதல் ஆளாகப் போய் நின்றாள். ஃபேன் காரணமில்லை என்றால் அவளோடு சேர்ந்து இந்தப் பட்டறைப் பெண்கள் எல்லாருக்கும் கதவு அடைபடும். இடப்பக்கம் விரிசல் இருந்தது. மாணிக்கவேல் தொண்டையைக் கனைத்தார். அவர் அடுக்கிய வலப்பக்கத்திலும் விரிசல் இருந்தது. கனைப்பு நின்றது.

"ஒடஞ்சதை எல்லாம் திருப்பிப் பாருங்க" என்றாள் அன்புக்கரசி.

ஒரு கீறல். ஒரு கீறல். மறுபடியும் ஒரு கீறல். இரண்டு கீறல் போட்டதில் நாலே நாலு. மூன்று போட்டதில் ஒன்றுகூட இல்லை.

சொர்ணாம்பாள்தான் முதலில் ஃபேனைத் திரும்பிப் பார்த்தாள். அது இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. "பாருங்கடி, கொலகாரன் இங்கியே நின்னு, நான் இல்ல, நான் இல்லன்னு தலைய ஆட்டிக்கினு இருக்கான்!"

பட்டறையே சிரித்தது. தங்கராசு போய் சுவிட்சை அணைத்தார். "வாங்குனது நான்தான். என்னை எதுவும் சொல்லாதீங்க."

மாணிக்கவேல் ஒரு கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "ஒரு பக்கமா காத்து பட்டா அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் காஞ்சிடும். நெருப்புல வெச்சா விரிசல் வுட்டுடும். எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான் இது." முப்பது வருடமாகத் தெரிந்ததுதான். கைகாட்ட ஒரு பெண் கிடைத்ததும் தெரிந்தது மறந்துபோயிருந்தது.

அன்புக்கரசி இப்போதும் சூளையில்தான் அடுக்குகிறாள். சித்திரையிலிருந்து சொர்ணாம்பாளும் கூட அடுக்குகிறாள். எழுதி முடிக்காத அந்தப் பிராது நாவலுக்குள் பக்க அடையாளமாகக் கிடக்கிறது. மாணிக்கவேலும் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்து கதை கேட்கிறார்.

"புருசன்தான் கொன்னுருப்பான்" என்றாள் சொர்ணாம்பாள், போன வாரம்.

"சித்த இரும்மா" என்றார் மேஸ்திரி. "அதுக்கு முந்தின வாரம் அந்த வூட்டுல என்னா மாறுச்சின்னு மொதல்ல படிக்கச் சொல்லு."