வெள்ளைப் பணியார எண்ணெயில் சிவகங்கை வரை

டீசலுக்கு மாற்று வந்துவிட்டது என்று காரைக்குடி நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதைப் பார்ப்பதற்காகத் தை மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை திருச்சியிலிருந்து டீசல் பஸ்ஸில் கிளம்பினேன். தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும்.

நண்பர் சொன்ன ஆள் அந்தோணி. வேதியியல் ஆசிரியர். போன ஆவணியில் வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பயோடீசல் செய்கிறார். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால், கிளிசரின் கீழே தங்கும், எரிபொருள் மேலே நிற்கும்.

"மெத்தனால் எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் இயற்கை எரிவாயுலருந்துதான் சார். எல்லாத்தையும் பாராட்டிட்டு, கடைசியில இதைக் கேட்டிருக்கலாம் நீங்க."

எண்ணெயை அவர் கடைகளில் வாங்குவதில்லை. கடைக்காரர்கள் அதைக் கறுக்கும்வரை விடுவதில்லை; கறுத்த பிறகும் சிலர் விடுவதில்லை. செட்டிநாட்டுக் கல்யாண அடுப்புதான் அவருடைய எண்ணெய்க் கிணறு. எண்ணெயில் பொரிக்கிற வெள்ளைப் பணியாரம் வெள்ளையாக இருந்தே ஆகவேண்டும். நிறம் லேசாகச் சிவந்தாலும் சமையல்காரருக்கு அடுத்த கல்யாணம் கிடைக்காது. அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றுகிறார்கள். கழித்த எண்ணெயும் தெளிவாக இருக்கிறது. ஒரு பலகாரத்தின் அழகுணர்ச்சி எரிசக்திக் கொள்கையாக மாறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் போனது நல்ல சமயம், அல்லது கெட்ட சமயம். சிவகங்கையில் ஒரு தனியார் கல்லூரிக்குப் பதினோரு பஸ். தன் எரிபொருளை மட்டும் ஊற்றித் தன் பழைய வேனை அங்கே ஓட்டிப்போய்க் காட்டுவதாக அந்தோணி சொல்லியிருந்தார். கல்லூரி வேண்டாம் என்றால் திங்கட்கிழமை அவர் பழையபடி பள்ளிக்கூடம் போகவேண்டும். அந்த இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறார்கள். மனைவி ஸ்டெல்லாவும் அதே பள்ளியில் ஆசிரியை; இத்தனை மாதமும் அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கல்லல் வழியாகச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் ரயில்வே கேட்டில் நின்றபோது, பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் எங்கள் புகையை மோந்துகொண்டே ஜன்னல் பக்கம் வந்தார்.

"அண்ணே, வடை எத்தனை மணிக்குப் போடுவீக?"

"ஒம் மூக்குக்கு முன்னாடி போட்டாச்சுப்பா. தள்ளி நில்லு," என்றார் அந்தோணி. அன்று காலை அவர் சிரித்தது அப்போதுதான்.

கல்லல் தாண்டியதும் ஒரு வேலியைக் காட்டினார். காட்டாமணக்கு. ஒரு காலத்தில் இதை நட்டால் நாட்டுக்கே டீசல் கொட்டும் என்று சொன்னார்கள். அவர் அப்பாவும் கடலை போட்ட நிலத்தில் நட்டார். காய்த்தது கொஞ்சம், அதை வாங்க ஆள் வரவில்லை. ஆடுகூட வாய்வைக்காத செடி என்பதால் இப்போது வேலிக்கு ஆகிறது. "அப்பா கடலையாவது தின்னுருக்கலாம்," என்றார். விளைநிலத்தில் எரிபொருள் வளர்ப்பது பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

கல்லூரியின் பஸ்களைக் கவனிப்பவர் மீனாள் ஆச்சி. ஐம்பது வயதிருக்கும். சாவியை வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்து, வேனை ஊரைச் சுற்றி வரச் சொன்னார். வேன் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. வருசம் முழுக்கத் தருவீகளா?"

"ஒரு பஸ்ஸுக்குத் தாராளமாத் தருவேன் ஆச்சி. தவக்காலத்துக்குக்கூட அஞ்சு பேரல் சேத்து வச்சிட்டேன்."

ஆச்சி விடவில்லை. "தவக்காலத்துல ஒங்க ஆளுகதான் கல்யாணம் வைக்கமாட்டாக. பணியாரம் சுடுறது நாங்கள்ல? எங்க வீட்டு விசேசத்துக்கு அதுல என்ன தடை?"

அந்தோணி கத்தோலிக்கர்; கல்யாணமில்லாத மாதம் என்றதும் அவர் மனம் போனது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்துக்கு.

"மார்கழியில என்ன செஞ்சீக?"

"கிறிஸ்மஸ் வந்துச்சு ஆச்சி. எங்க ஆளுக முறுக்கும் அதிரசமும் சுட்டாக. கொறையே தெரியல."

"சரி. ஆடியில?"

தொழில் தொடங்கியது ஆவணியில். ஒரு ஆடியை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை என்பது ஊரில் பிறந்தவராக அவருக்குத் தெரியும், எண்ணெய்க்காரராகத் தெரியவில்லை. கல்லூரியோ ஆடியில்தான் முழு வேகத்தில் நடக்கும்.

"ஆடிக்கு நான் டீசல் போட்டுக்கிறேன்," என்றார் ஆச்சி. "மத்த மாசத்துக்கு ஒரு பஸ்ஸு ஒங்களுது. அந்த அஞ்சு பேரலையும் இப்பவே கொண்டாந்து எறக்குங்க. வச்சிருந்தா கெட்டுப்போகும்."

திரும்பும் வழியில் வேனை ஓரம் நிறுத்தி, ஸ்டெல்லாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"எத்தனை பஸ்ஸு?"

"ஒண்ணு. அதுவும் ஆடியில இல்ல."

"ஒண்ணுதானா. சரி, ஸ்கூலுக்கு வரலைன்னு சொல்லிரு. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. எனக்கு அங்க வேலை இருக்கு."

அந்தோணியின் கொட்டகையைப் பார்க்க விரும்புகிறவர்கள் கல்யாண மாதங்களில் போங்கள். முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை எண்ணெய் வந்து இறங்கும். புதிய சட்டை வேண்டாம். ஆத்தங்குடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மத்தியானம் அங்கே தரைக்கல் வார்க்கும் பட்டறைகளைப் பார்த்துவிடலாம். இது டீசலுக்கு மாற்றா என்று தீர்ப்பே கேட்பவர்களுக்கு: பதினோரு பஸ்ஸில் ஒன்று, பன்னிரண்டு மாதத்தில் பதினொன்று. மீதிப் பத்து பஸ்ஸுக்கு ஊரில் அவ்வளவு கல்யாணம் இல்லை. பணியாரம் தின்ன அவ்வளவு வயிறும் இல்லை. உலகத்தின் டீசலை இது அசைக்காது. ஆனால் திங்கட்கிழமை காலை, வேதியியல் வகுப்புக்கு வேறு ஆள் தேடினார்கள்.