முன்னுரையில் ஒரு தங்கை

பேராசிரியையின் டூங்கபி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் ஓவியத்தின் அச்சுப்பிரதி எப்போதும் கிடக்கும். பக்கவாட்டாக அமர்ந்திருக்கும் இளம்பெண். கழுத்தில் முத்து, இறுகப் பின்னிய கூந்தல். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலியப் பிரபு வீட்டு மருமகள். "இது அவள் செத்தாப் பிறகு கீறினது" என்று முதல் நாளே சொன்னார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால், சனிக்கிழமைகளில் வாசித்துக் காட்டவும் தட்டச்சு செய்யவும் நான் பக்கத்துப் புறநகரான வென்ட்வேர்த்வில்லிலிருந்து போய்வந்தேன்.

அத்தகைய பெண்களைப் பற்றியே முப்பது வருடம் எழுதியவர் அவர். நகையைப் பார்க்காதே, அதை யார், யாருக்குக் காட்டுவதற்காக வரையச் சொன்னார்கள் என்று பார் என்பார். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடைசி நூலில் ஒரு கடிதம் வந்தது. கணவன் அடிக்கிறான், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரு சீமாட்டி தன் அக்காவுக்கு எழுதியது. பொறுத்திரு என்று அக்கா பதில் போட்டிருந்தாள். அந்த அக்காவைப் பற்றிப் பேராசிரியை கொஞ்சமும் இரக்கமின்றி எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தை வாசித்தபோது நிறுத்தச் சொன்னார்.

"நானும் அதைத்தான் சொன்னனான்."

மெல்பேர்னில் இருந்த தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவர்தான். அவள் தொலைபேசியில் அழுதபோது, பிள்ளைக்காகப் பொறுத்துப்போ என்றிருக்கிறார். மூன்று வாரத்தில் அவள் இறந்துபோனாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றான் கணவன். குடும்பமும் அதையே ஊருக்குச் சொன்னது. இவரும் மறுத்துப் பேசவில்லை.

இதை முன்னுரையில் எழுதப்போவதாகச் சொன்னதும் அவருடைய அண்ணன் வந்து கெஞ்சினார். தங்கையின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தகப்பனிடம் வளர்ந்த பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்றார். பேராசிரியை அவனையே வரவழைத்தார். நான் முன்னுரையை வாசிக்க, அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவன் அன்று தமிழில் பேசினான்.

"எனக்குத் தெரியும் பெரியம்மா. ஆறு வயசு. பக்கத்து அறையில இருந்தனான். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

அவர் கையை நீட்டித் துழாவினார். அவன் அதைப் பிடிக்கவில்லை. கதவடியில் நின்று, "அதையும் எழுதுங்கோ" என்றான்.

எழுதினோம். சீமாட்டியின் அக்காவைப் பற்றிய பக்கத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. அவன் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மணவறையில் தகப்பன் அமர வேண்டிய இடத்தில் அவன் ஒருவரையும் உட்காரவிடவில்லை.