வடக்கே போய்வந்த தேயிலைத்தூள்

கந்தப்பளைச் சந்தி

இன்ஜினை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கினேன். ஊர்ச் சந்தியில் வண்டியை அணைத்தால் ஆளுக்கொரு பொட்டலம் நீட்டுவார்கள் என்பது வாடகை வேன் ஓட்டிப் பிழைக்கும் நம் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து லெட்சுமி அக்கா தேயிலைத்தூள் பொட்டலத்தை உள்ளே நீட்டினார். மலையகத்தில் தமிழரை விரட்டிய கலவரத்துக்குப் பிறகு வடக்கே வன்னிக்குக் குடிபோன அவருடைய அண்ணனுக்கு. கடைசிச் சண்டையோடு அண்ணனைப் பற்றிய தகவல் நின்றுவிட்டது. இருக்கிறார் என்று காத்திருப்பதா, திதி கொடுப்பதா என்று வீட்டில் யாராலும் முடிவு செய்ய முடியவில்லை. நான் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகும் போர்க்கள நினைவிடத்துப் பக்கம்தான் அவர் வீடு இருந்ததாம்.

வடக்கே போகும்போதெல்லாம் பொட்டலம் கூட வரும். வீடு அகப்படாமல் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பேன். அதே பொட்டலம் வண்டியிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "பழைய தூளக் குடுத்தா எங்கண்ணே என்ன நெனைக்கும்? புதுசு கொண்டு போங்க தம்பி."

பலகை

நினைவிடத்தில் எரிந்த கவச வண்டி ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. எந்தப் படை எந்தத் திசையிலிருந்து வந்தது, இடம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று விவரமாக இருக்கும். நடுவில் குடியிருந்தவர்களைப் பற்றி எதுவும் இருக்காது.

கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பத்தின் தகப்பன் அதை முழுவதும் சத்தமாக வாசித்தார். நல்ல மனிதர், சாப்பிடும்போது என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிறவர். நான் வேலிக்கு அந்தப் பக்கம் இடிந்த சுவர் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படமெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, என்னைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டார்: "மல்லி, இதெல்லாம் முன்னாடி வெறும் காடுதானே?"

லண்டன்காரர்

அடுத்த பயணத்தில் வந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் இருப்பவர். வழி முழுக்க எனக்குச் சண்டையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். பலகையில் இருப்பது பாதி பொய் என்றார். எனக்கு இடுப்பு வலி. ஆமாம் ஆமாம் என்று ஓட்டினேன்.

அவர் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ரோட்டோரக் கடையில் விசாரித்தேன். கடைக்காரரே சண்டை ஓய்ந்த பிறகு வந்தவர், அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது லண்டன்காரர் கையில் என்ன என்று கேட்டார். சொன்னேன். பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "உங்கட மலையக ஆக்களும் இதுக்க இருந்தவையோ? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

வண்டி நிறுத்துமிடம்

போன மாதம் நயினாதீவுக் கோயிலுக்குப் போன கந்தப்பளைக் கூட்டத்தோடு அக்காவும் ஏறிக்கொண்டார். நினைவிடத்தில் மற்றவர்கள் கன்டீன் பக்கம் போனார்கள். அக்கா கவச வண்டியையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி ஓரமாக நடந்து போய்த் திரும்பி வந்து, என் வேனுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

பின் சக்கரத்தின் அடியில் கல் அடுக்கிய கான். மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டுவோமே, அந்த வாய்க்காலேதான். மண் தேங்குவதற்கு இடையிடையே குழியும் விட்டிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது.

"அண்ணே ஊருக்கு வந்தப்ப சொல்லிச்சு, வீட்டச் சுத்தி கான் வெட்டியிருக்கேன்னு," என்றார் அக்கா. "சமதரையில எவனாச்சும் கான் வெட்டுவானான்னு எங்க லயத்து வீடெல்லாம் சிரிச்சிச்சு. 'கை சும்மா இருக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ண'ன்னுச்சு."

அப்படியே கான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்காரக் கூடாது என்று சொல்ல ஒரு சிப்பாய் வந்தான். எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டான். கந்தப்பளை என்றதும், தான் பக்கத்து வலப்பனை என்றான். அதற்குப் பிறகு எழும்பச் சொல்லவில்லை. அக்கா கொண்டுவந்திருந்த தூள் பொட்டலத்தை அவன் கையில் வைத்தார். அவன் அதைப் பிடித்தபடியே நின்றான்.

அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "ஊருக்குப் போயி திதி குடுத்துறலாம். இனிமே நீங்க தூளு சொமக்க வேணாம் தம்பி."

அண்ணன் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, அண்ணன் வீடு அகப்படவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தூளைத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவர் இந்தத் தொழிலில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கூட்டம் கன்டீனிலிருந்து வருவதற்குள் வேனைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, பின் சக்கரம் கானை விட்டு விலகியதும் நிறுத்தினேன்.